பன்னிரண்டு மிதவைகளும் ஆறிப்போன மீனும்

அன்புள்ள அக்கா நோலீனுக்கு, தம்பி டெஸ்மண்ட் எழுதுவது. இங்கே நானும் மழையும் சுகம். அங்கே திமாருவில் நீயும், உன் முழங்காலும், என்னைக் கண்டாலே முதுகைக் காட்டும் உன் பூனையும் சுகமாயிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். லெசியெலியின் மீன்கடையில் லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டுகிறேன். உள்ளே எண்ணெய் ஆவி, வெளியே கடல்மூடுபனி, இரண்டும் சன்னல் கண்ணாடியில் முகம் வைத்துப் பேசிக்கொள்கின்றன. எனக்கும் அவசரமில்லை. முதலில் மீன் சொன்னேன், வந்தது. எழுந்து போய் உருளை வறுவல் சொல்லியிருக்கிறேன். அது வருவதற்குள் ஒரு மன்னிப்பு விண்ணப்பம்.

துறைமுகத்துக்கு நீ எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றாயே, அந்தப் புரோகிராமை மாற்றிவிட்டேன். ஆற்றுமுகத்து மணல்திட்டைத் தாண்டும் படகுகளுக்குப் பன்னிரண்டு மிதவைகள் அலை உயரம் சொல்ல வேண்டும், அது துறைமுகப் பலகையில் ஒளிர வேண்டும்; கடலில் கிடப்பவை கேட்டவுடன் பதில் சொல்லாது, ‘பதில் கிடைத்ததும் கூப்பிடு’ என்று சொல்லிவிட்டு நம் பாட்டுக்கு இருக்க வேண்டும், எல்லாம் சரி; ஆனால் நீ, கூப்பிட்டதும் இதைச் செய், அது முடிந்து கூப்பிட்டதும் அதைச் செய் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பதினோரு அடுக்கு வைத்ததில், எழுத்தெல்லாம் வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து திரையைத் தாண்டிக் கடலிலேயே விழப்பார்த்தது. படித்துப் படித்துக் கழுத்து சுளுக்கியது எனக்கு. அதனால் ஊரே கொண்டாடும் ஒரு சுலபக் கருவியைப் போட்டேன். ‘இங்கே காத்திரு’ என்று எழுதினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். உன் அறுநூறு வரி எண்பது வரியாகி, ஓட்டில் மழை வழிகிற மாதிரி மேலிருந்து கீழே இறங்கியது. ஆளில்லாத நேரம் பார்த்து நானே கைதட்டிக்கொண்டேன்.

ஒரு வாரம் தரையில் கால் படவில்லை. செவ்வாய்க்கிழமை மீன்பிடிக்கிற ஹேமியின் படகு திட்டருகே நின்றுகொண்டு வயர்லெஸ்ஸில் கத்தியது: “டேய் டெஸ், உன் பலகை சொல்றது இன்னைக்கு அலையா, உங்க தாத்தா காலத்து அலையா? இன்னைக்கு அலை என்னைத் தூக்கிப் போட்டுட்டு ஊருக்குள்ளேயே போயிருச்சுடா!” உன் புரோகிராமில் ஒரு நொடியில் வந்த கணக்கு, என் அழகியில் பத்து நொடி! துறைமுக அதிகாரி வெட்டூ வந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை. “அழகாத்தான் இருக்கு. ஃபிரேம் போட்டு மாட்டலாம். ஆனா திங்கக்கிழமை காலையில தண்ணி ஏறும்போது பழைய வேகம் வரலேன்னா பலகையை அணைச்சிருவேன். ஒரு படகும் வெளிய போகாது. ஹேமிக்கு நீயே பதில் சொல்லிக்க.”

ஹேமியின் கை எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும்.

துப்புத் துலக்கினேன். அந்தக் கருவி ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு பொட்டலம் கட்டுகிறது. எங்கே நிறுத்தினோம், கையில் என்ன இருந்தது எல்லாவற்றையும் சுருட்டி வைத்து, பதில் வந்ததும் பிரிக்கிறது. சுகத்துக்குக் கூலி. அந்தக் கூலிதான் ஒன்பது நொடியைத் தின்கிறது, சந்தேகமே இல்லை. மூன்று நாளாக ஒரே கனவு: பனிக்குள் பன்னிரண்டு மிதவைகளும் வரிசையில் நின்று, முன்னால் இருப்பது பேசி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கின்றன. அர்த்தம் புரியவில்லை. பழையதையே மாட்டலாமென்றால் நடுவில் நாலு மிதவையை மாற்றிவிட்டார்கள். உன் பதினோரு அடுக்குக்குள் கைவிட உன் ஒருத்தியால்தான் முடியும். தோற்றேன் அக்கா. நாளைக் காலை பஸ்ஸைப் பிடித்து வா.

உன் முழங்காலுக்கு வெயிலும் பூனைக்கு நல்ல புத்தியும் கிடைக்கட்டும்.

தலைகுனிந்த தம்பி,
டெஸ்மண்ட்

பி.கு.: வறுவல் வந்தது. மூன்றாம் முறை எழுந்து போய்ச் சிப்பி வடை கேட்டேன். லெசியெலி கரண்டியை ஓங்கினாள். “ஏங்க, ஒண்ணு வந்தப்புறம் ஒண்ணு, ஒண்ணு வந்தப்புறம் ஒண்ணுன்னு ஒன்றரை மணி நேரமா உக்காந்திருக்கீங்களே! நாலு சட்டி எதுக்கு வெச்சிருக்கேன்? மொத்தத்தையும் ஒரேயடியா சொல்லித் தொலைச்சா என்ன?” என் மீன் ஆறிப்போயிருந்தது. புரோகிராமைத் திறந்தேன். முதல் மிதவை பதில் சொல்லும்வரை இரண்டாவதை நான் கேட்கவே இல்லை! ‘இங்கே காத்திரு’ என்று எழுதுவதில் அவ்வளவு சொக்கிப்போய்ப் பன்னிரண்டு தடவை காத்திருந்திருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டு ஒரே ஒரு தடவை காத்திருக்கச் சொன்னேன். ஒரே நொடியில் கணக்கு வந்துவிட்டது. பொட்டலக் கூலி உண்டுதான். ஈ இறகடிக்கும் நேரம். ஆகவே பஸ் ஏறாதே. வெட்டூவிடம் பழியைக் கருவிமேல் போட்டு வைத்திருக்கிறேன், காட்டிக்கொடுக்காதே. உன் பழைய புரோகிராமையும் திறந்து பார்த்தேன். தலைப்பில் ஒரு குறிப்பு: ‘பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் கூப்பிடு. டெஸ்மண்ட், உன்னைத்தான்.’ மாற்றி எழுதும்போது வெட்டி வரியென்று நான் முதலில் அழித்தது அதைத்தான். அதனால் மேலே உள்ள புலம்பலில் ஒரு வரியைக்கூட அழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.