நாலு தடவை செத்த தளபதி

நான் நான்கு முறை செத்திருக்கிறேன். நான்கு முறையும் வருங்கால மாமனாருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெங்களூர் மர்பி டவுனில் வீடு, பொம்மசந்திராவில் லேத் மெஷின் வேலை, சட்டைப்பையில் கவிதை. (யாரும் கேட்கவில்லை, நானும் நிறுத்தவில்லை.) கனகபுரா ரோட்டுப் பக்கம் ஒரு கல்குவாரியில் சினிமாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஓடினேன். ராஜா காலத்துக் கதை. அப்பனைக் கொன்றவனை மகன் பழிவாங்கக் கிளம்புகிறான். டைரக்டரோ ஜப்பான் சாமுராய் படங்களாகப் பார்த்துப் பார்த்து அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டவர். அதனால் எங்கள் ராஜ்யத்தில் எல்லோருக்கும் உச்சிக்குடுமி. வெட்டுவதற்கும் வெட்டுப்படுவதற்கும் முன்னால் இடுப்புவரை குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். மார்ச்சில் பெங்களூர்த் தெருமரங்கள் கொட்டி வைக்கும் ரோஸ் நிறப் பூக்களை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து, ராட்சத ஃபேன் வைத்து எங்கள்மேல் பறக்கவிட்டார்கள். அந்தப் பூமழையில் கண் கலங்கி நின்றேன். (ஒரு இதழ் கண்ணுக்குள் போயிருந்தது என்பதும் உண்மை.)

என் வேலை, விழுவது. நான் காதலித்த ஸ்டெல்லாவிடம் மட்டும் ‘வில்லனோட தளபதி’ என்று சொல்லிவைத்தேன். அவள் அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்துவிட்டாள். அவர் ரிட்டையரான டிரில் மாஸ்டர். எங்கள் கல்யாணத்துக்கு ஆறு மாதமாகச் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் இருந்தவர்.

“தளபதியா? படம் வரட்டும். பாத்துட்டு சொல்றேன்” என்றார்.

அடுத்த மார்ச்சில் படம் வந்தது. முதல் நாள் மேட்னி. அந்தப் பக்கம் ஸ்டெல்லா, இந்தப் பக்கம் நான், நடுவில் தீர்ப்பு.

ஹீரோ காற்றில் நின்றார். முறைத்தார். பழிவாங்கப் போகிற வழியில் இருந்த ஒவ்வொரு பாறைமீதும் ஏறி நின்று யோசித்தார். பின்னாலிருந்து ஒருவர் கன்னடத்தில் கத்தினார்: “பேக ஹொடியப்பா, பஸ் ஹோகுத்தே!” (சீக்கிரம் அடிப்பா, பஸ் போயிடும்!)

பிறகு நான் வந்தேன். குனிந்தேன். செத்தேன்.

“போயிட்டியேப்பா” என்றார் மாஸ்டர்.

அத்தோடு முடிந்திருந்தால் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். ஆனால் படக் கம்பெனியிடம் இருந்ததே இருபது ஆட்கள். தாடி, மீசையை மாற்றி மாற்றி ஒட்டி எங்களையே திரும்பத் திரும்பச் சாக அனுப்பினார்கள். எந்தத் தாடிக்கு மேலேயும் என் மூக்கு இருந்தது. கடைசி வரிசையிலிருந்து நழுவும் பையனை முதுகை வைத்தே பிடித்த மனிதருக்கு அது போதாதா?

காட்டுச் சண்டையில், “ரெண்டு” என்றார் மெதுவாக. ஆற்றங்கரையில், “மூணு.” ஸ்டெல்லா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். கிளைமாக்ஸில் நான் நின்றது ஹீரோவின் படையில்.

“இப்ப எந்தப் பக்கம்?”

“ஹீரோ பக்கம், அங்கிள்.”

“கட்சி மாறியாவது பொழைச்சியா?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் குனிந்தேன், அம்பு பாய்ந்தது.

“நாலு.”

தியேட்டர் வாசலில் அதே ரோஸ் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. இத்தனை நாள் காத்திருப்பும் அங்கேயே உதிர்ந்தது என்று நினைத்தேன்.

“அங்கிள், நான் தளபதியெல்லாம் இல்ல. பொய் சொல்லிட்டேன்.”

“அதான் மொதல் சாவுலயே தெரிஞ்சுபோச்சே. படம் சுத்த தண்டம்பா. ஹீரோவே ரெண்டு எடத்துல குனிய மறந்துட்டான். நீ நாலு தடவையும் சாகறதுக்கு முன்னாடி ஒழுங்கா குனிஞ்ச. யாரும் பாக்கலன்னு வேலையில ஏமாத்தல.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உங்கப்பாவ வரச்சொல்லு.”

அன்றிலிருந்து, பிரியாணி தின்றுவிட்டு நான் சோபாவில் சாயும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து அவர் குரல் வரும்: “அஞ்சு!”

போன மார்ச்சில் அவர் போனார். கல்லறைத் தோட்டத்து வழியெல்லாம் ரோஸ் பூ. என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்: “தாத்தா ஒரே டேக்ல முடிச்சிட்டாருப்பா.” எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பெட்டி இறங்கும்போது இடுப்புவரை குனிந்தேன். ஒழுங்காக.

வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தேன். அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றிருந்த ஸ்டெல்லா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்பாவின் குரலிலேயே சொன்னாள்:

“அஞ்சு.”