சட்டைப் பையிலிருந்து கூவிய போன்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம், என் மானம் ஒன்றுதான் நேற்று மயிரிழையில் தப்பியது.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். மூச்! இனிக் காற்றை நம்பமாட்டேன். என் மகள் வைஃபை பாதுகாப்பைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள் அல்லவா, நேற்று ஆபீசிலிருந்து கொம்பு வைத்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். "இது யாரையும் தொடாதுப்பா, சும்மா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்" என்றாள். நான் பாட்டுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், போன் சட்டைப் பையில் தேமேயென்று கிடக்கிறது. கிடக்கிறதா? கூவுகிறது மச்சான், கூவுகிறது! என்னுடையதைப் போன்ற பழைய போன், தான் முன்பு சேர்ந்த வைஃபை ஒவ்வொன்றையும், கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளை மாதிரி பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். பெட்டியின் திரையில் வரிசையாக வருகிறது: என் ஆபீஸ், ரயில் நிலையம், அப்புறம்... 'முடிவளம் கிளினிக்'!

நாம் இருவரும் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போய், வழுக்கையில் மருந்து தேய்த்துக்கொண்டு வருகிறோமே, அதே இடம்தான். காத்திருக்கும்போது சும்மா கிடைக்கிறதே என்று வைஃபையில் சேர்ந்தேன், பாவி! வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் தங்கை நிமிர்ந்து, "அது என்னங்க இடம்?" என்றாள். ஆபீஸ் நண்பருக்குத் துணையாகப் போனேன் என்று அளந்துவிட்டு, போனைப் பையிலிருந்து பிடுங்கி, கூவல் வெளியே வராதபடி குக்கருக்குள் போட்டு மூடினேன். அவள் அதையே தூக்கி அடுப்பில் வைக்கப் போக, ஓடிப்போய் மடக்கினேன். "ஓஹோ" என்றதோடு சரி, அவளுக்குத் துளிக்கூட சந்தேகமில்லை. என் சாமர்த்தியம் அப்படி!

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அக்காவோடு வரும்போது உங்கள் போன் கூவுவதையும் மகள் அந்தப் பெட்டியில் கேட்கப்போகிறாளாம். படியேறுமுன் அந்தப் பெயரைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். மாட்டினால் நம்மை ஆயுசுக்கும் ஓட்டியே தீர்ப்பார்கள் மச்சான்!

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நீடூழி வாழ்க, தலை நிறைய.

இப்படிக்கு,
வாயில்லாப் போனிடம் மாட்டிய உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் மறுபடி கூப்பிட்டாள். என் போன் அணைந்து கிடக்கிறது, பெட்டியில் 'முடிவளம்' கேட்கிறது! கூவுவது உங்கள் தங்கையின் பழைய போன்! "நீங்க ரெண்டு பேரும் போக ஆரம்பிச்ச வாரமே நானும் அண்ணியும் போயிட்டு வந்துட்டோம். எங்களுக்கு இந்த வழுக்கைதான் பிடிச்சிருக்கு, கெடுத்துடாதீங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னோம். அன்னிலேர்ந்து அவர் தேய்க்கிறது வெறும் எண்ணெய்" என்கிறாள் உங்கள் தங்கை. கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வெட்கமும் சந்தோஷமும் பொத்துக்கொண்டு வருகிறது மச்சான். எதையும் அழிக்க வேண்டாம், அப்படியே வாருங்கள்.