குடிக்கும் டீ அல்ல

காலை ஏழு மணிக்கே டீக்கடைத் தங்கையன் வாசலில் வந்து நிற்பார் என்று பங்கஜவல்லி எதிர்பார்க்கவில்லை. அவர் கையில் அவள் அச்சடித்த நோட்டீஸ் கசங்கியிருந்தது.

"டீச்சரம்மா, நா உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? டீக்குத் தடையாமே?"

பங்கஜவல்லி காரைக்காலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. தற்காலிக வேலை. "பொதுமக்களுக்குத் தமிழ்ல ஒரு கூட்டம் போடுங்க. அரங்கு நெறஞ்சா வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறேன். போன வருஷம் மாதிரி ஆறு பேர் வந்தா என்னால ஆகாதும்மா" என்று சொல்லியிருந்தார் முதல்வர் கைலாசநாதன். 1988 கார்த்திகையில் அவள் தேர்ந்தெடுத்த தலைப்பு: 'உதவி டீ செல்களும் தடை ஏற்பிகளும்'.

"ஐயோ, அது இங்கிலீஷ் எழுத்து டீங்க. நம்ம ரத்தத்துல இருக்கு."

"ரத்தத்துல டீயா? அப்ப எங்கிட்ட எவன் வாங்கிக் குடிப்பான்?"

அன்றே எல்லா நோட்டீஸ்களின் மேலும் 'இது குடிக்கும் டீ அல்ல' என்று துண்டுச்சீட்டு ஒட்ட ஏற்பாடு செய்தாள். அதில் ஒன்று தங்கையன் கடைச் சுவரில், பாய்லருக்கு நேர் மேலே இருந்தது. மத்தியானமே அவர் திரும்ப வந்துவிட்டார்.

"படிச்சுட்டு கிளாச வச்சுட்டுப் போறானுவம்மா!"

டீயே வேண்டாம் என்று தலை முழுகினாள். அந்தச் செல்கள் வளரும் நெஞ்சுச் சுரப்பியின் பெயரை வைத்து, 'தைமஸ் செல்கள்' என்று புது நோட்டீஸ் அடித்தாள். மறுநாள் தங்கையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுரக்குடியிலிருந்து கிளிஞ்சல்மேடு வரை போய் முறையிட்டார்: "தை மாசத்துலேருந்து டீ கெடையாதாம்!"

கூட்டத்தன்று ஜன்னலிலும் ஆட்கள் தொங்கினார்கள். எழுதி வைத்திருந்த தாளைப் பங்கஜவல்லி மடித்து வைத்துவிட்டாள்.

"டீக்கு யாரும் தடை போடலீங்க. உடம்பைக் காக்கிற உதவிச் செல் ஆரம்பத்துல எந்தப் பக்கமும் சேராது. ஒரு வழியில போனா, செல்லுக்குள்ள ஒளிஞ்ச கிருமிய வேட்டையாட ஆள் கூட்டும். இன்னொரு வழியில போனா, கிருமிய எதிர்க்கிற பொருள் தயாராக உதவும். அந்த வழியே மிஞ்சிப்போனா அரிப்பு, தும்மல். அந்தச் செல் மேல சேதி வாங்குற கொக்கி உண்டு, அதுதான் ஏற்பி. 'போ'ன்னு சொல்றதுக்கும் ஏற்பி இருக்கு. 'போதும்'னு அடக்குறதுக்கும் இருக்கணும், அதத்தான் 'தடை'ன்னு போட்டேன். அந்த 'போதும்' எவ்வளவு அழுத்துதோ, அதப் பொறுத்து வழியே மாறலாம்னு நான் நெனைக்கிறேன். இன்னும் யாரும் நிரூபிக்கல."

கிளிஞ்சல்மேட்டுக் காத்தமுத்து எழுந்தார். "நா நண்டு புடிக்கிறவன். நண்டு தின்னா ஒடம்பெல்லாம் தடிக்கிது. எனக்குள்ள 'போதும்' சொல்றவன் தூங்குறானா?"

அரங்கு சிரித்தது. "அப்படித்தான் இருக்கணுங்க!" என்றாள். அதன்பிறகு கேள்விகள் ஓயவேயில்லை. கைலாசநாதன் மேடையிலேயே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே தங்கையனின் மனைவி அஞ்சுகம் எல்லாருக்கும் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். பங்கஜவல்லி ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு இப்பவாவது புரிஞ்சுதாங்க?"

"அவருக்கு மொத நாளே தெரியும்மா. எங்க மவ அல்லி ஒங்க கிளாசுதான். ஆளு வராட்டி டீச்சர் வேல போயிரும்னு அது அழுவுச்சு, அதான் மனுசன் ஊரூராப் போயி சண்ட கெளப்புனாரு!"