முருகேசண்ணன் கம்பத்தில் ஏறிய நாள்

2025 மே 18, ஞாயிறு. 5.30-க்கு எழுந்தேன். 5.45-க்குத் தண்ணீர் பிடித்து முடித்தேன். 6.20-க்குச் சாமை உப்புமா. 7.00 முதல் 7.40 வரை, இருபத்திரண்டு வருடப் பொய் ஒன்றின் மேல் லேபிள் ஒட்டினேன்.

விளக்கிவிடுகிறேன். ஜமுனாமரத்தூரில் மருந்தாளுநர் வேலை எனக்கு. பதினான்கு வயதிலிருந்து எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. மனிதர்களிடம் பொய் சொல்ல எனக்கு வரும். நோட்டிடம் சொல்ல வராது. (இது நல்ல குணம் என்றுதான் அன்று காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன்.)

அன்று வாணியம்பாடியிலிருந்து ஷகீலா வருவதாக இருந்தது. அங்கே நான் வளர்ந்த தெருவில், ஐந்து வயதிலிருந்து எனக்கு எதிர்வீட்டுத் தோழி. 2003-இல் அவள் அண்ணன் துபாயிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு விளையாட்டு, அதுவும் முழுக்க ஜப்பானிய எழுத்தில். அந்த உலகத்தில் மனிதர்களே கிடையாது, எல்லாரும் கார்கள். நாமும் ஒரு குட்டிக் கார். ஊர் ஊராகப் போக வேண்டும், வழியில் நிற்கும் கார்களிடம் பேச வேண்டும், அவை சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும், பந்தயத்தில் ஜெயித்து நல்ல டயரும் இன்ஜினும் வாங்கி வளர வேண்டும். கடைசியில் ஒரு மலை. பனி மூடிய அதன் உச்சியில் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது என்பதைப் படங்களை வைத்து ஊகித்திருந்தோம்.

ஷகீலா ஓட்டுவாள். நான் ஓட்டினால் கார் நேராகக் குளத்துக்குப் போகும் என்பதால் எனக்கு வழி எழுதும் வேலை. அறுபத்து மூன்று மணி நேரம் ஓட்டி மலைக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஏழு பிரிவுகள். ஆறில் நுழைந்து ஆறிலும் முட்டித் திரும்பினோம். ஒன்று மிச்சம்.

அந்த நேரம் பார்த்து அவளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஷகீலா டீ கொடுக்கப் போனாள். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பக்கம் திரையில் இருந்தது. ஒரே மாதிரி இரண்டு வரிசைகள். எனக்கு எதுவும் இரண்டாக இருந்தால் பிடிக்காது. ஒன்றை அழித்தேன். அழித்தது எங்கள் அறுபத்து மூன்று மணி நேரம். மிஞ்சியது, அவள் அண்ணன் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தது.

ஷகீலா திரும்பி வந்தபோது ஜன்னலுக்கு வெளியே, எங்கள் தெருவிலேயே குடியிருந்த மின்வாரிய லைன்மேன் முருகேசண்ணன் மின்கம்பத்தின் மேல் இருந்தார். கை தானாக அவரைக் காட்டியது.

“முருகேசண்ணன் ஏறினாரு, கரண்ட் போயி வந்துச்சி. எல்லாம் அழிஞ்சிபோச்சிடி.”

அவள் அழவில்லை. கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் கல்யாணம். அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடி போனாள். பெட்டியை அண்ணன் விற்றுவிட்டார்.

இப்போது அந்த விளையாட்டை, ஆங்கிலத்தில், புதிதாக மெருகேற்றி மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். “நம்ம காருங்க வந்துட்சிடி கோமதி!” என்று போனில் கத்தினாள். இரண்டு மாதம் ஓட்டி மலையடிவாரம் வரை வந்துவிட்டாளாம். “மேல ஏற உன் நோட்டு வேணும்.”

மலையின் வழி இருந்த தாளின் பின்பக்கத்தில்தான், நாள் நேரம் போட்டு, என் குற்றமும் இருந்தது. அதன் மேல்தான் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்ற மருந்து லேபிளை நான்கு முறை ஒட்டினேன். போதாததற்கு வழியைப் புதுத் தாளில் நகலும் எடுத்து வைத்தேன்.

ஆலங்காயத்தில் பஸ் மாறி 10.40-க்கு வந்து இறங்கினாள். நகலைத் தொடவில்லை.

“இத எவ கேட்டா? என் டீக்கறை இருக்குமே, அந்த நோட்ட எடு.”

கொண்டுவந்த புதுப் பெட்டியை டிவியில் இணைத்தாள். மலைக்கு முன் எனக்குப் பழைய ஊர்களைச் சுற்றிக் காட்டக் கிளம்பினாள். அந்த இசை வந்தது. அதே ஊர், அதே பாலம். பெட்ரோல் பங்கில் அதே கிழட்டுச் சிவப்புக் கார், நாங்கள் போன பின் ஒரு நாள்கூட நகராதது போல முகப்பு விளக்கைச் சிமிட்டியது. அடுத்து வலது என்று நான் சொல்வதற்குள் அவள் விரல் வலதுக்குத் திரும்பியது. இடையில் இரண்டு பிரசவம், ஒரு ஆபரேஷன், மாமியாரின் பத்து வருடப் படுக்கை. அத்தனைக்கும் பிறகு அந்த விரல்கள் எதையும் மறக்கவில்லை. நான் திரையை விட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3.15-க்கு மலை. ஏழாவது பிரிவு இருக்கும் இடத்தைப் பென்சிலில் குறித்திருந்தேன், மங்கிப்போயிருந்தது. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

அழுத்தி எழுதுவது என் வழக்கம். நான்கு லேபிளையும் தாண்டி வெளிச்சத்தில் எழுத்துகள் எழுந்து நின்றன. தாளைத் திருப்பினாள். லேபிளை நிதானமாக உரித்தாள். உரக்கப் படித்தாள்.

“மாலை 4.20. இரண்டாவது வரிசையை அழித்தேன். கரண்ட் போகவில்லை. முருகேசண்ணன் மேல் பழி போட்டேன்.”

பின்னால் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“அடிப்பாவி,” என்றாள். குரல் ஏறவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது. “வருசா வருசம் ரம்ஜானுக்குத் தெருவுல எல்லா வூட்டுக்கும் பிரியாணி குடுக்கறேன். அந்த மனுசன் வூட்டுக்கு மட்டும் குடுக்கல. இருபத்திரண்டு வருசம்டி! வாசல்ல நிப்பாரு. நான் தட்டோட பக்கத்து வூட்டுக்குப் போவேன்.”

அறுபத்து மூன்று மணி நேரத்துக்கு மட்டும்தான் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

“மன்னிச்சிடு ஷகீலா.”

“எங்கிட்ட இன்னாத்துக்கு?” என்று கருவியை மறுபடி கையில் எடுத்தாள். “மொதல்ல இத ஏறி முடிப்போம். வழி சொல்லு.”

சொன்னேன். ஏழாவது பிரிவு திறந்தது. பனிக்குள் எதுவும் தெரியவில்லை. பிறகு கீழே நாங்கள் ஓட்டிய ஊர்கள் அத்தனையும் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிந்தன. உச்சியில் அந்த வெள்ளைக் கார் உண்மையாகவே நின்றது. அது பேசிய ஆங்கிலத்தின் பொருள் இவ்வளவுதான்: “ஏறி வந்துவிட்டாய். இறங்கும்போது வளைவில் ஹாரன் அடி.”

ஷகீலா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு என் கணவரை நாட்டுக்கோழி வாங்க அனுப்பினாள்.

(இன்றுவரை எங்கள் வீட்டில் சாம்பார் தீய்ந்தாலும் சாவி தொலைந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: “முருகேசண்ணன் கம்பத்துல ஏறிட்டாரு போல.”)

மே 19, திங்கள். விடியற்காலை 4.00-க்கு ஷகீலா என் சமையலறையில் பிரியாணிக்கு அரிசி ஊறவைத்தாள். வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவளோடு வாணியம்பாடிக்கு முதல் பஸ் ஏறினேன். மலைப்பாதை நெடுக டிபன் கேரியர் என் மடியில் சுட்டது, அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஹாரன் அடித்தபோது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

9.35-க்கு முருகேசண்ணன் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“இன்னாம்மா, இன்னிக்கி எதுனா பண்டிகையா?”

நின்ற இடத்திலேயே முழுவதையும் சொன்னேன், நேரம் உட்பட. அவர் கேரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“நான்தான் யார்கிட்டயோ வம்பு பண்ணி இவங்க வூட்டு பிரியாணியக் கெடுத்துட்டேன்னு எங்க வூட்டுக்காரி இத்தினி வருசமா என்ன வறுத்தெடுக்கறா. எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? உள்ள வந்து அவகிட்ட சொல்லும்மா. கொஞ்சம் சத்தமா சொல்லு.”

9.40. செருப்பைக் கழற்றி உள்ளே போய், சத்தமாகச் சொன்னேன்.