மீசை வைத்த பூசணிக்காய்

எனக்குப் பேச்சு வராது. வாய் நன்றாகத்தான் இருக்கிறது. பழக்கம் இல்லை. கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை. அங்கே இருக்கிற சத்தத்தில் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் எல்லாவற்றுக்கும் "ம்" என்று சொல்லியே பழகிவிட்டேன். சரி என்றாலும் "ம்". வேண்டாம் என்றாலும் "ம்". காதில் விழவில்லை என்றாலும் "ம்". (கல்யாணத்தன்று சம்மதமா என்று கேட்டபோதும் அதுதான். பாஸ்டர் இன்னொரு தடவை கேட்டார்.)

அந்த "ம்" ஒரு பூசணிக்காய்க்கு மீசை வைத்தது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு முடிச்சூரில். சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். தோட்டத்தில் விளைந்ததை முதற்பலனாகக் கொண்டுபோய் ஆலயத்தில் வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். முடிச்சூரில் வயல் எல்லாம் எப்போதோ பிளாட் ஆகிவிட்டது. அதனால் எல்லோரும் தாம்பரம் மார்க்கெட்டில் விளைந்ததைத்தான் கொண்டுபோவார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஒரு வருஷம் என் மனைவி எஸ்தர் பெரிய பரங்கிக்காய் ஒன்றை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிப் படைத்தாள். ஏலம் விடுகிறவர் சாலமோன் சார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடுவார். காயைத் தூக்கினார். அடியில் ஸ்டிக்கர். மைக்கிலேயே படித்தார்.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்."

காணிக்கைக் குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

"எஸ்தரம்மா, அந்த இன்னொன்று எங்கே?"

(வீட்டில் இருந்தது. அன்றைக்கு மதியம் சாம்பாரில்.)

பந்தலே சிரித்தது. எஸ்தர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. நானும் பரங்கிக்காயை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் சாப்பிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொல்கிற நேரத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"வர்ற பண்டிகைக்கு எங்க வீட்டு மண்ணுல வெளஞ்சதத்தான் கொண்டு வருவோம். என் வீட்டுக்காரர் கையால வெளைய வைப்பார்." என்னைப் பார்த்தாள். "இல்லீங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ம்" என்றேன்.

அது கடவுளுக்குச் செய்த பொருத்தனை ஆகிவிட்டது. பண்ணியது அவள். மாட்டியது நான்.

முதல் சிக்கல், எங்கள் வீட்டில் மண் இல்லை. வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு வீட்டைச் சுற்றி சிமென்ட் போட்டு மூடிவிட்டோம். எங்க வீட்டு மண் என்று அவள் சொன்னது கற்பூரவல்லித் தொட்டியில் இருந்த மண்ணை. அதனால் மொட்டை மாடியில் பை வாங்கி, மண்ணும் விலைக்கு வாங்கி நிரப்பினேன்.

தக்காளி போட்டேன். இலை சுருண்டது. கத்திரி போட்டேன். மாவுப்பூச்சி வந்தது. என் மகள் நான்சி காலேஜில் படிக்கிறாள். போனில் பார்த்து, வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து அடிக்க வேண்டும் என்றாள். நான் தண்ணீர் வரை காத்திருக்கவில்லை. பூச்சி இருந்தது. செடி போய்விட்டது. வெண்டை மட்டும் ஒன்றே ஒன்று காய்த்தது. எஸ்தர் அதைப் போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். நிறைய பேர் ஸ்தோத்திரம் போட்டார்கள். மறுநாள் அணில் தின்றுவிட்டது. அதை அவள் போடவில்லை.

மிஞ்சியது ஒரு வெள்ளைப் பூசணிக் கொடி. கொடி என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. கொடிக்குப் பந்தல் வேண்டும். பந்தல் போட எனக்குத் தெரியும். மற்றவர்கள் கயிறும் மூங்கிலும் வைத்துக் கட்டுவார்கள். நான் ஆங்கிள் இரும்பை வெட்டி, வெல்ட் வைத்து, ப்ரைமர் அடித்து நிறுத்தினேன். யானையைத் தொங்கவிட்டாலும் தாங்கும்.

பக்கத்து மனையில் அப்போது அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மேஸ்திரி ஏழுமலை. சாரத்தின் மேல் நின்று பந்தலைப் பார்த்தார்.

"இன்னா அண்ணா, மேல இன்னொரு மாடி எடுக்கிறியா?"

"ம்" என்றேன். (இல்லை என்ற அர்த்தத்தில்.)

கொடி என் பந்தலை ஒரு நாள் தொட்டது. மறுநாள் நுனி கருகியிருந்தது. நம் ஊர் வெயிலில் இரும்பு தோசைக்கல் ஆகும் என்பது எனக்குத் தெரியும். கொடிக்கும் அது சுடும் என்று தோன்றவில்லை. அப்புறம் அது இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பிடிச் சுவரைத் தாண்டி, ஏழுமலையின் சவுக்குச் சாரத்தில் ஏறி, அந்தக் கட்டடத்து நிழலில் குடியேறிவிட்டது. என் பந்தலில் எஸ்தர் துணி காயப்போட்டாள்.

கொடி பூத்தது. காய்க்கவில்லை. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும் என்று நான்சி சொல்லிக் கொடுத்தாள். மகள் முன்னால் அதைச் செய்யக் கூச்சமாக இருந்தது. அவள் கீழே போன பிறகு செய்தேன்.

ஒரே ஒரு காய் பிடித்தது. சாரத்தில் அந்தரத்தில் தொங்கியது. விழுந்துவிடக் கூடாது என்று கயிற்றில் உறி மாதிரிப் பின்னித் தாங்கவிட்டேன். தினமும் வேலைக்குப் போகும் முன் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். அதன் முதுகு மட்டும் தெரியும். நாளுக்கு நாள் பெருத்தது. மேலே வெள்ளைச் சாம்பல் பூத்தது. எஸ்தர் குரூப்பில் போட்டாள். இந்தத் தடவை சாலமோன் சாரே பதில் போட்டார். "ஸ்டிக்கர் வருவதற்கு முன் பறித்துவிடவும்."

எஸ்தர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது மட்டும் நல்லபடியா போய்ச் சேரலேன்னா, நான் அந்த ஏலப் பந்தல்ல கால் வைக்க மாட்டேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை.

பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியில் நின்றேன். கீழே கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஏழுமலை தெருவில் நின்று என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். "பூசணிக்கா" என்பது மட்டும் கேட்டது. பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

"ம்" என்றேன். தலையையும் ஆட்டினேன். அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

சனிக்கிழமை பட்டறையிலிருந்து வந்ததும் கத்தியோடு மாடிக்குப் போனேன். கயிறோடு காயை இழுத்து, காம்பை வெட்டி, சுவர்மேல் வைத்துத் திருப்பினேன்.

அது என்னைப் பார்த்தது.

இரண்டு சிவப்புக் கண். கறுப்புப் புருவம். காது வரைக்கும் வாய். வாய் நிறையப் பல். நடுவில் முறுக்கு மீசை. எல்லாம் எனாமல் பெயின்ட். புது வீட்டுக்குத் திருஷ்டிக்கு மாட்டுகிற பூசணிக்காய் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

அன்றைக்கு நான் "ம்" சொல்லவில்லை. "ஐயோ" என்றேன். நான் வாயைத் திறந்த சத்தம் கேட்டு எஸ்தர் பயந்துபோய் ஓடி வந்தாள். பின்னால் நான்சி. நான்சி காயைப் பார்த்தாள். என் மீசையைப் பார்த்தாள். திரும்பக் காயைப் பார்த்தாள். கீழே ஓடிவிட்டாள். சிரிப்புச் சத்தம் மட்டும் மேலே வந்தது.

சாரத்தின் மேல் பெயின்ட் டப்பா இருந்தது. ஏழுமலை கூலி வாங்கிக்கொண்டு அப்போதே போயிருந்தார்.

தின்னர் போட்டுத் துடைத்தேன். சாம்பல் போனது. சிவப்பு கரைந்து கன்னத்தில் வழிந்தது. முதலில் கோபமாக இருந்த முகம் இப்போது அழுதது. உப்புத்தாள் போட்டேன். மீசை இன்னும் பளபளப்பானது. கிரைண்டிங் மெஷினை எடுத்தேன்.

"அத கீழ வைங்க" என்றாள் எஸ்தர். வைத்தேன்.

"மார்க்கெட்ல வேற ஒண்ணு வாங்கிடலாமா மம்மி?" என்று திரும்ப மேலே வந்த நான்சி கேட்டாள்.

"எத்தன பேரு முன்னாடி எங்க மண்ணுன்னு சொல்லியிருக்கேன். மறுபடி கடையில வாங்கினதையா வைக்கச் சொல்ற?" எஸ்தருக்குக் குரல் உடைந்தது. "மூஞ்சி இருந்தாலும் இது நம்மளுது. குப்புற வச்சிடலாம்."

குப்புற வைத்தோம். கூடையில் வாழை இலை போட்டு, சுற்றிலும் சாமந்திப் பூ வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் அது மரியாதையாகக் கவிழ்ந்து கிடந்தது. ஜெபம் பண்ணுகிற மாதிரியே இருந்தது. பாஸ்டர் பார்த்துத் தலையசைத்தார். எஸ்தர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரிக் கொஞ்சம் சிரித்தாள்.

ஏலம் ஆரம்பித்தது. வாழைத்தார் போனது. தேங்காய் போனது. சாலமோன் சார் எங்கள் பூசணிக்காயை இரண்டு கையாலும் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினார். அவர் பக்கம் முதுகு. எங்கள் பக்கம் முகம்.

"பாருங்கள்!" என்றார் மைக்கில். "எஸ்தரம்மா வீட்டு மாடியில் விளைந்தது. என்ன ஒரு தோற்றம்!"

முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

அவர் அதை ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டார். "களங்கம் இல்லாத வெண்மை! இப்படி ஒன்றை நம் சபை இதுவரை பார்த்ததே இல்லை!"

அது உண்மை.

யாரோ ஒரு அம்மா பின்னாலிருந்து, "மீச அவங்க வீட்டுக்காரர் மாதிரியே இல்ல?" என்றார். சிரிப்பு கிளம்பியது. சாலமோன் சார் காயைத் திருப்பினார். கண்ணாடியைச் சரி செய்தார். படிக்க எழுத்து ஒன்றும் இல்லை.

"எஸ்தரம்மா, இது யார்?"

எஸ்தர் எழுந்தாள். "ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க சார். இல்லல்ல? எங்க மாடியில வெளஞ்சதுதான்."

"ஸ்டிக்கர் இல்லை அம்மா. ஆளே இருக்கிறார்."

அந்த நேரம் பார்த்து, மைக் சத்தம் கேட்டுப் பந்தல் வாசலில் ஏழுமலை வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அண்ணா! அது நம்ம பில்டிங்கு பூசணிக்கா! காலைல வந்து பாத்தா காணோம். எந்த நாதாரி தூக்கினு போனான்னு தெருவெல்லாம் தேடிகினு கீறேன். ஓனர் கேளம்பாக்கத்துலருந்து வந்துட்டாரு, திருஷ்டி எங்கடான்னு ஒரே பேஜாரு!"

சிரிப்பு சட்டென்று நின்றது. போன வருஷம் ஸ்டிக்கர். இந்த வருஷம் திருட்டு. அதுவும் அடுத்த வீட்டுத் திருஷ்டியைத் திருடி முதற்பலனாகப் படைத்தது. எஸ்தர் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

சாலமோன் சார் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். வெல்டிங்கில் எவ்வளவோ நெருப்பு பார்த்திருக்கிறேன். அப்படி வேர்த்ததில்லை. எழுந்து நின்றேன்.

"கொடி என்னுது" என்றேன். "காய் என்னுது. மூஞ்சி அவருது."

உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சிரித்தது பாஸ்டர். அப்புறம் பந்தலே குலுங்கியது. ஏழுமலைக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

"அண்ணா, உன்னாண்ட கேட்டுகினுதானே வரைஞ்சேன்? எங்க திருஷ்டிக்கு எடுத்துக்கவான்னேன். நீ ம்முன்னு தலைய ஆட்டின. கொடியோட இருந்தா அழுகாதுன்னு அப்டியே வுட்டேன்."

"மீசை?" என்று சாலமோன் சார் கேட்டார். மைக்கில்தான்.

"மீசைக்கு ஒரு மாடல் வாணாவா சார்? நிமுந்து பாத்தேன். அண்ணன் நின்னுகினு இருந்தாரு."

எஸ்தர் மைக் இல்லாமலே பேசினாள். பின்வரிசை வரை கேட்டது. "அவரு ம்முன்னா அது ஆமாவா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியலண்ணா. நீங்க அத நம்பி பெயின்ட் எடுத்தீங்களா?"

அதோடு முடிந்திருக்கலாம். ஏழுமலை அந்தக் காயை ஏலத்திலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு தொகை கேட்டார். சாலமோன் சார் என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, சம்மதமா?" என்றார்.

"ம்" என்றேன்.

"இதோ, தம்பி ஏற்றிவிட்டார்!" என்றார் மைக்கில்.

ஏழுமலை என்னை முறைத்துவிட்டுத் தொகையைக் கூட்டினார். "இப்போது தம்பி என்ன சொல்கிறார்?" என்றார் சாலமோன் சார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கம். "ம்."

என் காய்க்கு நானே போட்டி போட்டு, நானே ஜெயித்தேன். காணிக்கைப் பெட்டிக்குக் காசு கட்டினது நான்தான். எஸ்தர் தடுக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததாக வந்த சேனைக்கிழங்கை அவளே ஏலம் கேட்டாள்.

பூசணிக்காயை ஏழுமலையிடம் சும்மா கொடுத்துவிட்டேன். அவர் அதை அந்தக் கட்டடத்தில் எங்கள் மாடிக்கு நேராக மாட்டினார். தெருப் பக்கம் திருப்பி மாட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழுகி விழுகிற வரைக்கும் தினமும் காலையில் அதன் முகத்தில்தான் விழித்தேன். எஸ்தர் துணி காயப்போடும்போது அதனிடம், "என்னங்க, டிபன் ஆச்சா?" என்று கேட்பாள். பதில் வராது. "எல்லாம் ஒரே மாதிரி" என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்குவாள்.

இப்போது அந்த அடுக்குமாடியில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். என் இரும்புப் பந்தலில் சாக்குப் போர்த்திக் கோவைக்கொடி விட்டிருக்கிறேன். நன்றாகவே காய்க்கிறது. பண்டிகைக்கு அதைத்தான் கொண்டுபோகிறோம். சாலமோன் சார் ஒவ்வொரு கோவைக்காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏலம் விடுகிறார்.

வீட்டில் எதையாவது கேட்டு நான் "ம்" என்றால் எஸ்தர் இன்னும் விடுவதில்லை. வந்திருக்கிற விருந்தாளியைக் கூப்பிட்டு, மொத்தக் கதையையும் சொல்லி, கடைசியில் என்னைக் காட்டுவாள்.

"அந்தப் பூசணிக்காய்க்காவது வாய் இருந்துச்சு."

இருந்தது. பல்லும் இருந்தது.