பெப்பெஸ் பொதி திறந்த படலம்

வாழ்க யாயான் ருஸ்தாந்தி. முகில் தவழும் மலைகள் நாற்புறமும் மதிலென வளைத்த பாண்டுங் மாநகரின் மைந்தன், விசைப்பலகையில் எழுத்தெல்லாம் அழியும்வரை தட்டித் தழும்பேறிய இரும்பு விரலோன், ஊதிப் பெருத்த கோப்புகளின் கொழுப்பறுக்கும் கூர்வாளேந்தி, பகலெல்லாம் மளிகைக் கடைகளுக்கு ரசீது அடிக்கும் மென்பொருள் எழுதி வயிற்றைக் கழுவினாலும் விடியற்பொழுதெல்லாம் உலகுக்கு இலவசமாய் உழைத்த கொடைவள்ளல், வாழ்க, வாழ்க. பூச்சியமே, ஒன்றே, இரண்டே எழுத்தால் இவ்வையத்தை எழுதிச் செல்லும் இரட்டைத் தெய்வங்களே, காப்பு. சுருக்கத்தின் புகழ் பாட வந்த இக்காவியம் நீண்டு கிடக்குமேயானால் அது வீரனின் குற்றமன்று, சுருக்கத் தெரியாத நாவின் குற்றம்.

அவ்வீரன் பல மழைக்காலம் தவமிருந்து ஈன்ற நிரல் தொகுப்பின் திருநாமம் பெப்பெஸ். மீனை மசாலாவோடு வாழையிலையில் கிடத்தி, இறுக மடித்து, இரு முனையிலும் குச்சி செருகி வேகவைப்பார்களே, அந்தப் பெப்பெஸ்தான். மீன் இருந்த இடத்தில் தரவு, இலை இருந்த இடத்தில் கணிதம். கடலலை போல ஏறி இறங்கும் எண்வரிசை எதுவாயினும், அதன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் முன்கூட்டியே ஊகித்து, ஊகம் தவறிய இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் மூட்டை கட்டிவிடும் மாயம் அதற்கு உண்டு. அதன் மூலநிரலை ஒளிக்காமல் உலகப் பொதுச் சொத்தாக அறிவித்திருந்தான் யாயான். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் விற்கக்கூடச் செய்யலாம். யாரும் எடுக்கவில்லை.

வீரனென்றால் பகைவன் வேண்டும். யாயானின் பகைவன், கணினி என்ற ஒன்று உள்ள வீடெல்லாம் கேளாமலே புகுந்து குடியேறிய ஈரெழுத்துப் பேரரசன் ஜிப். அம்மன்னனைவிடத் தன் பெப்பெஸ் மேலானது என்பதைக் கட்டம் போட்டும் கோடு வரைந்தும் நிறுவியிருந்தவனுக்கு, ஒருநாள் ஒரு பேரவமானம் நேர்ந்தது. மூலநிரல் எழுதுவோர் அனைவரும் தம் படைப்பைக் கொண்டுபோய் வைக்கும் பொதுத்தளத்தில், யார் எதைக் கேட்டாலும் ஜிப்பில் கட்டிக் கொடுப்பதே வழக்கம் என்பதைக் கண்டான். பெற்று வளர்த்த மகளைப் பகைவன் வீட்டுப் பல்லக்கிலா ஏற்றி அனுப்புவது எனக் கொதித்தான். அன்றே பெப்பெஸை அங்கிருந்து பெயர்த்தெடுத்து, தனக்கெனத் தனியே ஓர் இணையப் பக்கம் எழுப்பி, அங்கே ஒரே ஒரு பொதியை வைத்தான். பெப்பெஸின் மூலநிரல் முழுவதையும் பெப்பெஸாலேயே மடித்த பொதி.

அவனுடைய கணினியில் பெப்பெஸ் எந்நாளும் குடியிருந்தமையால், அப்பொதி அவன் தொட்டவுடன் தாமரைபோல் மலர்ந்தது. ஆகவே உலகத்தார் கையிலும் மலரும் என்று நம்பினான். நம்பிக்கை நெடுநாள் பழுதின்றி இருந்தது. தொட்டுப் பார்க்க ஒருவரும் வராததே அதற்குக் காரணம்.

வந்தாள் ஒருத்தி. நகருக்கு வடக்கே, குளிரும் கந்தக நெடியும் கைகோத்து உலவும் மலைமேல் எரிமலையைக் கண்காணிக்கும் சிறு நிலையத்தில், பூமியின் நடுக்கத்தைப் பதிவுசெய்து நகரத்துக்கு அனுப்பும் ஈஸ் ரொகாயா. நடுக்கமோ நாளெல்லாம் பொழிகிறது. அனுப்பும் வானொலி இணைப்போ நூலினும் மெல்லியது. சுருக்கி அனுப்ப வேண்டும். நில அதிர்வும் அலையன்றோ. எங்கோ யாயான் எழுதி வைத்திருந்ததைப் படித்து, பெப்பெஸ் வேண்டும் என்று முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நிலையத் தலைவர் வந்து பார்ப்பார்; அதற்குள் ஓடினால் பெப்பெஸ், ஓடாவிட்டால் காலங்காலமாய் எல்லாரும் வைத்திருக்கும் பழையது.

வியாழக்கிழமை காலை, அண்ணனென்று பொருள்படும் அவ்வூர் விளியாம் ‘காங்’ முன்னே வர, அவள் செய்தி வந்தது.

"காங், உங்க பெப்பெஸைத் தொறக்கணும்னா பெப்பெஸ் வேணும்னு கேக்குது. அந்தப் பெப்பெஸ் எங்க கெடைக்கும்?"

முதற்பாதியைப் படித்தபோது யாயானின் நெஞ்சில் முரசம் முழங்கியது, சங்கம் ஒலித்தது, வெண்கொற்றக் குடை விரிந்தது. உலகில் ஒரு மானுடப் பிறவி தன் பொதியைத் தரவிறக்கம் செய்திருக்கிறது. பிற்பாதியைப் படித்தபோது குடை மடங்கியது.

பக்கத்து மேசையில் அமர்ந்து ரசீது மென்பொருளில் பிழை பார்த்துக்கொண்டிருந்த செசெப், கழுத்தை நீட்டித் திரையைப் படித்தான்.

"சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டு வீட்ட வாடகைக்கு விட்டிருக்கீங்க காங்."

"அவங்க ஏதோ தப்பா அழுத்தியிருப்பாங்க."

"ஒண்ணும் வேணாம். ஜிப் பண்ணி அனுப்புங்க. நான் பல்லு குத்தி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அது கேட்டு எழுந்தான் யாயான். ஞாயிறு மேற்கில் உதிப்பினும், மலைகள் இடம்பெயர்ந்து கடலிற் படுப்பினும், இவ்வுடலில் உயிரும் அவ்வுயிரில் மானமும் உள்ளளவும், பெப்பெஸ் என்னும் பேரரசி அந்த ஈரெழுத்தானின் போர்வைக்குள் ஒருபோதும் ஒடுங்காள் என்று அவன் சூளுரைத்தான். அச்சூளுரை அறைக்குள் கேட்ட வடிவம் இது:

"ஒன் வேலையப் பாருடா."

முதல் நாட் போர் மின்னஞ்சல் வழியே நிகழ்ந்தது. பொதியைத் திறக்க மட்டும் தெரிந்த சின்னஞ்சிறு செயலி ஒன்றைக் கட்டி, அதைத் தூதுவனாக அனுப்பினான். நிலையத்தின் மின்னஞ்சல் வாயிலில் நின்ற காவல் மென்பொருள், வந்தவன் ஆயுதம் தரித்தவன் என்று கண்டு அங்கேயே மடக்கிச் சிறையிட்டது. பெயரை மாற்றி, படக்கோப்பு என்று வேடம் புனைந்து அனுப்பினான். வேடத்தையும் கண்டது. இம்முறை தூதுவனைச் சிறையிட்டதோடு நில்லாமல், யாயானின் முகவரியையே ஐயத்துக்குரியோர் வரிசையில் சேர்த்தது.

வெள்ளி முற்பகல், பென்டிரைவைச் சட்டைப்பையில் அணிந்து, மழைக்கோட்டென்னும் கவசம் பூட்டி, பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்த தன் இருசக்கரப் புரவியில் ஏறினான் வீரன். வார இறுதிக்கு மலையேறும் வண்டிகள் யானைப்படை போல் வழியை அடைத்து நின்றன. மழை அம்புமாரியாய்ப் பொழிந்தது. சோளம் சுடும் கடைகளின் புகை போர்க்களத்துப் புழுதியென எழுந்தது. அத்தனையும் கிழித்துக்கொண்டு நிலையத்தின் வாயிலை அடைந்தவனை, நாற்காலியில் இருந்து எழாமலே நிறுத்தினார் காவலர்.

"பென்டிரைவ் உள்ள போகாது காங்."

"இதுக்காகத்தான் ஐயா, நகரத்துலேர்ந்து வந்திருக்கேன்."

"போன வருஷம் ஒருத்தர் கொண்டுவந்தாரு. கம்ப்யூட்டர் பூரா வைரஸ். எரிமலை பாட்டுக்கு சும்மாதான் இருந்துச்சு, பிரிண்டர்தான் மூணு நாள் தானா பொங்கிக்கிட்டு இருந்துச்சு."

"இது வைரஸ் இல்ல. நானே எழுதின நிரல்."

"அவரும் அதையேதான் சொன்னாரு."

ஆயுதத்தை வாயிலில் பிளாஸ்டிக் தட்டில் துறந்து, வெறுங்கையனாய் உட்புகுந்தான் யாயான். அதனாலென்ன, கையில் இல்லாதது நெஞ்சில் இருந்தது. ஈஸின் கணினி முன் அமர்ந்து, திறக்கும் செயலியை நினைவிலிருந்தே எழுதத் தொடங்கினான். அவள் இஞ்சி மணக்கும் பந்த்ரெக் பானத்தைச் சுடச்சுடக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவன் பார்க்கவில்லை. விரல்கள் பறந்தன. வரிகள் அணிவகுத்தன. எழுதி முடித்து, தொகுக்கும்படி ஆணையிட்டான்.

எழுதிய நிரலைச் செயலியாக மாற்றித் தர அக்கணினியில் இருந்த தொகுப்பான் முதுபெருங்கிழம். யாயான் எழுதிய புதுமொழி எதுவும் அதன் செவியில் ஏறவில்லை. ஓர் அரைப்புள்ளி விடுபட்டதற்குத் திரை நிறைய வசைபாடியது. அதைச் சேர்த்ததும், அதுவரை வாளாவிருந்த வேறொரு வரியைச் சுட்டி முன்னிலும் உரக்க வசைபாடியது. வெட்ட வெட்டத் தலை முளைக்கும் அரக்கர் கூட்டமெனப் பிழைகள் எழ, எழுந்த பிழைகளை வீரன் மேலும் வெட்ட, வெட்டிய இடத்தில் எச்சரிக்கைகள் முளைக்க, எச்சரிக்கைகளைப் புறக்கணிப்பதே தொன்றுதொட்ட மரபாதலால் அவற்றைப் புறக்கணித்து அவன் முன்னேற, ஈற்றில் பகை ஓய்ந்து செயலி பிறந்தது. அதைப் பொதிமேல் ஏவினான். பொதி திறந்தது. உள்ளிருந்து வந்தவை எழுத்தா, மழைக்காலத்துத் தவளைக் கூச்சலா என்று அறியக்கூடவில்லை. பொதி திறப்பதற்கான எண் அட்டவணையை நினைவிலிருந்து எழுதியதில் எங்கோ ஓர் எண் பிறழ்ந்திருந்தது.

பந்த்ரெக் ஆறி ஆடை படர்ந்திருந்தது. சுவர்க் கடிகாரம் மூன்றைக் கடந்திருந்தது.

"காங்," என்றாள் ஈஸ். "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே."

"பழசையே போட்டுக்கறேன்னு சொல்லப் போறீங்க."

"தலைவர் வந்துட்டா அதுதான் நடக்கும். நான் அதைச் சொல்ல வரல. பழசு எங்க நடுக்கத்தைப் பாதிகூடச் சுருக்கறதில்ல. நீங்க போட்டிருந்த கணக்க நான் ஒக்காந்து படிச்சேன். எனக்கு உங்க பெப்பெஸ்தான் வேணும். அதை எந்தப் பையில போட்டுக் குடுத்தா எனக்கென்ன?"

எனக்கு உங்க பெப்பெஸ்தான் வேணும். அத்தனை மழைக்காலத்திலும் அவனிடம் எவரும் சொல்லாத சொல். காவல் மென்பொருளால் வீழ்த்த முடியாத நெஞ்சம், மழையால் நனைக்க முடியாத வீரம், கிழத் தொகுப்பானின் வசைக்குக் கலங்காத மானம் அச்சொல் பட்டதும் கால் மடித்து அமர்ந்தது. கைபேசியை எடுத்து அலுவலகத்தை அழைத்தான்.

"செசெப், என் கம்ப்யூட்டர்ல பெப்பெஸ் மூலநிரல் இருக்கில்ல, அதை அதுல போட்டு இவங்களுக்கு ஒன் முகவரியிலேர்ந்து அனுப்பு."

"எதுல?"

"அதுலதான்டா."

"அதுன்னா எது காங்? நாலஞ்சு இருக்கு. பேரு சொன்னாத்தானே தெரியும்."

"ஒனக்குத் தெரியும்."

"சத்தியமாத் தெரியல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, இங்க எல்லாரும் கேக்கணும்கிறாங்க."

யாயான் கண்களை மூடினான். திசைகள் இருண்டன. முன்னம் உரைத்த சூளுரைகள் அணியணியாய் வந்து முன்னே நின்று தலைகுனிந்தன.

"ஜிப்பு," என்றான்.

சுவரோரம் பூமியின் துடிப்பை வரைந்துகொண்டிருந்த ஊசி இம்மியும் அசையவில்லை.

வந்தது பொதி. வாயிற்காவல் அதனை வணங்கி வழிவிட்டது. ஈஸ் சொடுக்கினாள், திறந்தது. தொகுக்கும்படி பணித்தாள், பெற்ற தந்தை நிதானமாக எழுதிய நிரலாதலின் கிழத் தொகுப்பானும் முணுமுணுப்போடு சரி, கட்டி முடித்தது. அன்றைய நடுக்கத்தை அதனுள் ஊட்டினாள். மலையின் உறுமலும், அடிவயிற்றுப் பொருமலும், அடிவாரத்துச் சாலையில் சுற்றுலா வண்டிகள் போட்ட ஆட்டமும் எல்லாம் ஒருங்கே மடிந்து, இறுகி, இடை சிறுத்து, பழையது சுருக்கியதில் மூன்றில் ஒரு பங்காய், நூலினும் மெல்லிய அவ்விணைப்பில் வழுக்கிக்கொண்டு, நான்கு மணி அடிக்குமுன் நகரம் சென்று சேர்ந்தது. "போயிடுச்சு காங், முழுசாப் போயிடுச்சு," என்று அவள் சொல்ல, வாகை சூடினான் வீரன், வான்முரசு அதிர்ந்தது, பூமாரி பொழிந்தது, மண்ணும் விண்ணும் பெப்பெஸ் பெப்பெஸ் என ஆர்ப்பரித்தன. அவ்வார்ப்பரிப்பின் நடுவே, மூலநிரலைச் சுமந்து வந்த இரு பொதிகளும், யாயான் மடித்ததும் செசெப் அனுப்பியதும், அருகருகே தத்தம் எடையை நெற்றியில் எழுதிக்கொண்டு திரையில் வீற்றிருந்ததை இருவர் கண்களும் ஒரே கணத்தில் கண்டன.

ஜிப்தான் சின்னதாக இருந்தது; ஈஸ் திரையில் அந்தச் சன்னலை மூடிவிட்டு "சாப்பிட்டீங்களா காங்?" என்று கேட்டாள்.