மலைக்குள் போன ஊதுகுழல்

போடிநாயக்கனூர்,
வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய அண்ணன் கோட்டைச்சாமி அவர்களுக்கு,

உங்கள் ஒரே தங்கை அனுசியா வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அங்கே மதினியின் இடுப்பு வலியும் உங்கள் வாயும் எப்படி இருக்கின்றன? போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள் என்பதால் தபாலில் அனுப்புகிறேன். முழுவதும் படித்தே தீர வேண்டும்.

மதுரையில் பெரிய பிள்ளைகளுக்குப் புவியியல் எடுக்கிறவர் என்ற தோரணையில், பொங்கலுக்கு வந்தபோது என்ன சொன்னீர்கள்? "அஞ்சாப்புப் பிள்ளைகளுக்கு மழை மறைவுப் பிரதேசமா? மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டுச் சோலியப் பாரு ஆத்தா!" சொன்னீர்களா இல்லையா? அந்த வாரமே எங்கள் கல்வி அலுவலர் காசிராஜன் வந்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்ட, இந்தப் பக்கம் நம் தேனி ஏன் காய்கிறது என்று கேட்டார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அடுத்த முறையும் இப்படி என்றால் என் வகுப்பை சுஜாதா டீச்சரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சுஜாதா நல்லவள்தான், ஆனால் அவள் பாடம் எடுத்தால் பிள்ளைகள் கொட்டாவியில்தான் பாஸாவார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணே. இந்தப் பிள்ளைகளை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

ஆகவே பள்ளி முற்றத்தில் மலை கட்டினோம். சிலமலைக் கண்மாயிலிருந்து களிமண்ணைப் புத்தகப் பையிலேயே அள்ளிக்கொண்டு வந்ததில் தாய்மார்கள் என் மேல் படையெடுத்தார்கள். காட்டுக்காகச் சத்துணவு மூக்கம்மாள் அக்காவின் கறிவேப்பிலையைக் குத்திவைத்தோம், அதை ஒரு வெள்ளாடு வந்து மேய்ந்துவிட்டது, அன்றைக்குச் சாம்பார் மொட்டையாக இறங்கியது. ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறவளின் மகள் தமிழினி, மலையில் ஏலத்தோட்டம் வேண்டுமென்று ஒரு பிடி காய் கொண்டுவந்தாள். மணி அடிப்பதற்குள் தோட்டத்தையே வகுப்பு தின்று தீர்த்துவிட்டது.

நேற்று அலுவலர் வந்து மலைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் மழை பெய்ய வைத்தேன். மேகம் மலையில் முட்டி அங்கேயே கொட்டிவிட்டு, நம் பக்கம் வெறுங்கையோடு வருகிறது என்று சொல்லி முடிக்கவில்லை, தேவாரத்து லிங்கேஸ்வரன் எழுந்துவிட்டான்.

"என்ன டீச்சர், அங்கிட்டே ஊத்துறீங்க? எங்கப்பா வெள்ளாமை என்னாகுறது?"

"அது இயற்கைடா."

"இருந்துட்டுப் போகட்டும். இங்கிட்டும் கொஞ்சம் ஊத்துங்க!"

வகுப்பே அவன் கட்சிக்குப் போய்விட்டது. அலுவலர் பேனாவைத் திறந்தார். என் உயிர் என்னிடம் இல்லை. அந்நேரம் தமிழினி சமையலறைக்குள் ஓடி எதையோ தூக்கிக்கொண்டு வந்தாள், பின்னாலேயே மூக்கம்மாள் அக்கா, "ஏய், என் ஊதுகுழல எங்கடி கொண்டு போற?" என்று கத்திக்கொண்டு வந்தார். அதற்குள் தமிழினி அடுப்பு ஊதுகிற அந்த இரும்புக் குழலை மலையின் வயிற்றில் செருகி, அதன் முனையை நம் பக்கம் வெளியே வரவைத்துவிட்டாள். மண் அடைத்துக்கொண்டது. வாய் வைத்து ஒரே ஊது! பிறகு வந்ததே அந்தப் பக்கம் தேங்கியிருந்த தண்ணீர், கரியும் சேறுமாகப் பாய்ந்து அலுவலரின் வெள்ளைப் பேன்ட்டில் விழுந்தது.

"எங்க மாமா ஊரு கம்பத்துக்கு இப்படித்தான் சார் பெரியாத்துத் தண்ணி வருது. மலையக் குடைஞ்சு விட்டிருக்காக!" என்றாள்.

அவர் பேன்ட்டையும் பார்த்தார், மலையையும் பார்த்தார். "மழை பெய்யலேன்னு டீச்சர்கிட்டச் சண்டை போடுற வகுப்ப இப்பத்தாம்மா பாக்குறேன்" என்று எழுந்து நின்று கைதட்டினார். வகுப்பு எனக்கே! மலையைப் படம் எடுத்து, மூணாறு வரைக்கும் ஆசிரியர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அங்கேயே போட்டார். அடுத்த மாதம் தேனியில் எல்லா ஆசிரியர்களுக்கும் நான் நடத்திக் காட்ட வேண்டுமாம். நீங்களும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருங்கள், கேள்வி கேட்பதென்றால் கையைத் தூக்கிவிட்டுக் கேளுங்கள்.

மதினிக்கு என் அன்பு. உங்கள் பிள்ளைகள் தீர்க்காயுசாக, மனப்பாடம் செய்யாமல் இருக்கட்டும்.

வெற்றி பெற்ற தங்கை,
அனுசியா

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் மாப்பிள்ளை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மலைக்கு இரண்டு பக்கமும் பெயர் எழுதி அட்டை குத்தியிருந்தோம். நேற்றுக் காலை அவை விழுந்து கிடந்ததை, அவசரத்தில் நான்தான் எடுத்துக் குத்தினேன். மழை கொட்டுகிற பக்கம் 'தேனி' என்றும், குழல் வழியாகத் தண்ணீர் பாய்கிற பக்கம் 'கேரளம்' என்றும் இருக்கிறது. நம் பக்கத்து ஆசிரியர்கள் எல்லாரும் பாராட்டித்தான் போட்டிருக்கிறார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. மூணாறு டீச்சர் ஒருத்தி மட்டும் கும்பிடு போட்டு, "வளரெ நன்னி" என்று மலையாளத்தில் பெரிய நன்றி எழுதியிருக்கிறாள்.